மீட்டரிலிருந்து மாடி வீட்டுக்கு: 6 ஸ்கொயரா 10 ஸ்கொயரா, செம்பா அலுமினியமா, ஃபியூஸா எம்சிபியா?

தரைத்தளம் முழுக்க வண்டி நிறுத்தம், அதன் மேல் நாலு மாடி, மாடிக்கு இரண்டு வீடு. மஞ்சக்குப்பம், புதுப்பாளையம், கோண்டூர், செம்மண்டலம் என்று கடலூரில் எங்கே பார்த்தாலும் இப்படிப்பட்ட கட்டடம் ஒன்று இருக்கும். எட்டு வீட்டு மீட்டரும் பொது மீட்டரும் கீழே ஒரே போர்டில். அங்கிருந்து ஒவ்வொரு வீட்டின் டிபி பாக்ஸுக்கும் (வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மெயின் ஒயர் சுவருக்குள் ஏறிப் போகிறது. மேல்மாடி வீட்டுக்கு அது சுமார் 30 மீட்டர் வரும்.

வீட்டுக்குள் என்ன ஒயர் என்று வாங்குபவர்கள் கேட்கிறார்கள். இந்த 30 மீட்டரைப் பற்றிக் கேட்பவர் குறைவு. ஆனால் வீட்டின் மொத்தக் கரண்டும் போவது இதில்தான். பூசி மூடிய பிறகு மாற்றுவதற்குக் கஷ்டமானதும் இதுதான். ஒயரின் அளவைத் தனியாகவும் கீழே போடும் ஃபியூஸைத் தனியாகவும் முடிவு செய்வதுதான் இங்கே பெரும்பாலான கோளாறுகளுக்கு மூலம். ஃபியூஸ் காப்பது ஏசியை அல்ல, ஒயரை. இரண்டையும் ஜோடியாகத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

முதலில் லோடு. இரண்டு படுக்கையறை வீட்டில் 1.5 டன் ஏசி இரண்டு இருந்தால் முழு ஓட்டத்தில் ஒவ்வொன்றும் 7 முதல் 8 ஆம்பியர் இழுக்கும். 2 கிலோவாட் கீசருக்கு 8 ஆம்பியருக்குச் சற்று மேல், இண்டக்‌ஷன் அடுப்புக்கு இன்னொரு 8. ஃப்ரிட்ஜ், மிக்ஸி, டிவி, விளக்கு, ஃபேன் எல்லாம் சேர்ந்து 4 அல்லது 5. கூட்டினால் 36 ஆம்பியர். மார்கழிக் காலையில் கீசரும் அடுப்பும் ஓடும், சித்திரை இரவில் ஏசிகள் ஓடும், நாலும் ஒன்றாக ஓடுவது அபூர்வம். இருந்தாலும் சுவருக்குள் மூடப்போகிற ஒயருக்கு 36 என்றே கணக்கு வைப்பது நல்லது.

இனி ஒயர். ஸ்கொயர் என்பது அதன் உலோகத்தின் குறுக்குவெட்டுப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். கடைக்காரர் சொல்லும் ஆம்பியர் திறந்த காற்றில் ஒற்றையாகக் கிடக்கும் ஒயருக்கானது. பிவிசி பூசிய செம்பு ஒயர் சுவரில் பைப்புக்குள் போகும்போது, சுற்றுவெப்பம் 30 டிகிரி என்று வைத்தால், ஃபேஸும் நியூட்ரலும் கொண்ட ஒற்றை ஃபேஸ் ஜோடிக்கு 4 ஸ்கொயர் 32 ஆம்பியர் தாங்கும்; 6 ஸ்கொயர் 41, 10 ஸ்கொயர் 57, 16 ஸ்கொயர் 76. கடலூர் மேற்குச் சுவரில் மே மாதம் 30 டிகிரி ஏது? 40 என்று வைத்தால் 0.87-ஆல் பெருக்க வேண்டும். 6 ஸ்கொயர் 35.7-க்கு இறங்குகிறது, 10 ஸ்கொயர் 49.6-க்கு.

இதோடு நின்றால் பரவாயில்லை. எட்டு வீட்டு ஒயரையும் ஒரே பெரிய பைப்பில் திணித்து மேலே ஏற்றும் பழக்கம் இருக்கிறது. ஒன்றின் சூட்டில் மற்றொன்று வேகும். இரண்டு சர்க்யூட், அதாவது இரண்டு வீட்டு ஒயர், சேர்ந்து போனால் மேலும் 0.80-ஆல் பெருக்க வேண்டும்; மூன்று போனால் 0.70, நான்குக்கு 0.65, எட்டுக்கு 0.52. ஆக, எட்டு வீடு சேர்ந்து போகும் பைப்பில் 6 ஸ்கொயரின் தகுதி 18.5 ஆம்பியர். 10 ஸ்கொயருக்கே 25.8-தான். பகலில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும், எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்க மாட்டார்கள் என்று வாதிடலாம். கத்திரி வெயில் நாளில் இரவு பத்து மணிக்கு அந்த வாதம் நிற்காது. எட்டு வீட்டிலும் ஏசி ஓடும், அதுவும் மணிக்கணக்கில். பைப்புக்குள் சூடு ஏறி நிலைப்பதற்கு அந்த நேரம் தாராளம்.

அதனால் 6-ஆ 10-ஆ என்று கேட்பதற்கு முன் ஒரு பைப்பில் எத்தனை வீடு என்று கேட்க வேண்டும். வீட்டுக்கு ஒரு 25 மி.மீ. பைப் என்று போட்டால் 10 ஸ்கொயர் 49 ஆம்பியருக்கு மேல் தாங்குகிறது. இரண்டு வீட்டுக்கு ஒரு 32 மி.மீ. பைப் என்றால் 39.7, அதாவது 40-ஐ விளிம்பில் தொடுகிறது. கூடுதல் பைப்புக்கு ஆகும் செலவு, அடுத்த அளவு ஒயருக்கு ஆகும் செலவுக்கு முன் ஒன்றுமே இல்லை. இங்கே சிக்கனம் பார்ப்பது வீண்.

6 ஸ்கொயரைத் தனிப் பைப்பில் விட்டால் 35.7 தாங்குகிறதே, 36 ஆம்பியர் லோடுக்குப் போதாதா? அதற்குப் போட வேண்டிய எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானே விழுந்து துண்டிக்கும் ஸ்விட்ச்) 32. லோடு 36. எல்லாம் ஓடும் நாளில் அது விழும்; விழுந்தால் யாரோ 40 மாற்றிவிடுவார்கள்; அன்றிலிருந்து ஒயருக்குக் காப்பு கிடையாது. வோல்டேஜ் இறக்கமும் இருக்கிறது. 36 ஆம்பியர், 30 மீட்டர் என்றால் 6 ஸ்கொயரில் 7.9 வோல்ட் இறங்கும், 240-இல் 3.3 சதவீதம். 10 ஸ்கொயரில் 4.75 வோல்ட், 2 சதவீதம். 4 ஸ்கொயரில் 12 வோல்ட் அளவு, 5 சதவீதம். விளக்குகளுக்கு 3 சதவீதம், மற்றவற்றுக்கு 5 சதவீதம் என்பதுதான் மொத்த வரம்பு; மெயின் ஒயரே அதைத் தின்றுவிட்டால் வீட்டுக்குள் இருக்கும் ஒயருக்கு மிச்சம் என்ன? இறங்கும் வோல்ட் எங்கும் மாயமாவதில்லை, பைப்புக்குள் சூடாகிறது. 6 ஸ்கொயரில் அந்த நேரத்துக்கு 285 வாட், 10 ஸ்கொயரில் 171 வாட். ஆகவே ஒற்றை ஃபேஸ் வீட்டுக்கு 10 ஸ்கொயர் செம்பு. ஏசி ஒன்று மட்டும் உள்ள ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு 6 ஸ்கொயர், தனிப் பைப், 32 ஆம்பியர் எம்சிபி போதும்.

எக்ஸ்எல்பிஇ என்ற பிளாஸ்டிக் காப்புள்ள ஒயர் 90 டிகிரி வரை தாங்கும். அதே 10 ஸ்கொயர் பைப்பில் 75 ஆம்பியர் என்று பட்டியல் சொல்லும். அந்த எண்ணை நம்பி ஒயரை ஒரு அளவு குறைக்க வேண்டாம். ஒயர் 90 டிகிரியில் ஓடினாலும், அது போய்ச் சேரும் எம்சிபியின் டெர்மினல் அந்தச் சூட்டுக்குச் செய்ததல்ல. முனைதான் முதலில் கருகும். எக்ஸ்எல்பிஇ-யின் கூடுதல் தாங்குதிறனைச் சூடான சுவருக்கான சேமிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

மூன்று ஃபேஸ்

தமிழ்நாட்டில் ஒற்றை ஃபேஸ் இணைப்பு 4 கிலோவாட் வரைதான். அதற்கு மேல் மூன்று ஃபேஸ். மேலே சொன்ன வீட்டின் சாமான்களைக் கூட்டினாலே 8 கிலோவாட் தாண்டுகிறது. ஆகப் புதிதாகக் கட்டும் இரண்டு ஏசி வீட்டுக்கு, முறைப்படி பார்த்தால், விடையே இதுதான்.

ஒயர் கணக்கும் இதற்கே சாதகம். மூன்று ஃபேஸும் சுமை ஏந்தும்போது 6 ஸ்கொயர் பைப்பில் 36 ஆம்பியர், 40 டிகிரியில் 31.3, இரண்டு வீடு சேர்ந்த பைப்பில் 25. ஃபேஸுக்கு 25 ஆம்பியர் என்றால் மொத்தம் 18 கிலோவாட். செம்பின் எடையைப் பாருங்கள்: 30 மீட்டருக்கு 10 ஸ்கொயர் இரண்டு ஓட்டம் 5.3 கிலோ, 6 ஸ்கொயர் நாலு ஓட்டம் 6.4 கிலோ. ஒரு கிலோவுக்குச் சற்று மேல் கூடுதல் செம்பில் ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்சாரம். ஏசிகளை இரண்டு ஃபேஸில் பிரித்து, கீசரையும் அடுப்பையும் மூன்றாவதில் விட்டால் வோல்டேஜ் இறக்கம் ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் மூன்று ஃபேஸில் ஒரு பயங்கரம் உண்டு: நியூட்ரல் கழன்றால் வீடு முழுக்க வோல்டேஜ் தாறுமாறாகும். குறைந்த லோடுள்ள ஃபேஸில் 300-ஐத் தாண்டி 415-ஐ நோக்கி ஏறும். டிவி, ஃப்ரிட்ஜ் போர்டு, எல்இடி எல்லாம் சில நொடிகளில் போய்விடும். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் நியூட்ரல் லிங்க் (நியூட்ரல் ஒயரைத் திருகிப் பிடிக்கும் உலோகப் பட்டை) பச்சை பூத்து இறுக்கம் விடுவது சாதாரணம். அதனால் நியூட்ரலும் ஃபேஸ் அளவே இருக்க வேண்டும். அதில் ஃபியூஸ் ஒருபோதும் கூடாது, லிங்க் மட்டுமே. டிபியில் ஓவர் வோல்டேஜ் காப்பு ஒன்று வைப்பது அதன் விலைக்குத் தகும். எட்டு வீட்டுக்கும் ஒரே நியூட்ரல் கம்பியை ஏற்றி மாடிதோறும் பிரித்துக் கொடுக்கும் வேலை சில இடங்களில் தென்படும். அதை ஏற்கவே கூடாது. அது கழன்றால் போவது ஒரு வீடல்ல. அடுத்தவர் நியூட்ரல் கலந்தால் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஸ்விட்ச்) நிற்காது, விழுந்துகொண்டே இருக்கும்.

அலுமினியம்

16 ஸ்கொயர் அலுமினியத்தின் மின்தடை கிலோமீட்டருக்கு 1.91 ஓம், 10 ஸ்கொயர் செம்புக்கு 1.83. கரண்ட் தாங்குவதிலும் கிட்டத்தட்டச் சமம்: பைப்பில் 60 ஆம்பியருக்கு 57. மீட்டருக்கு 43 கிராம் அலுமினியம், 89 கிராம் செம்பு. விலை வித்தியாசம் அங்கிருந்து வருகிறது. காகிதத்தில் அலுமினியம் ஜெயிக்கிறது. முனையில்தான் தோற்கிறது. அலுமினியத்தின் மேல் ஆக்சைடு படலம் உடனே பிடிக்கும், அது கரண்டைத் தடுக்கும். திருகின் அழுத்தத்தில் உலோகம் மெல்ல நசுங்கி இறுக்கம் குறையும். செம்போடு நேராகத் தொட்டால் ஈர உப்புக்காற்றில் அரிக்கும். செம்பும் அலுமினியமும் இணைந்த பைமெட்டல் லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக முனை), ஆக்சைடு தடுக்கும் பேஸ்ட், அளவான டையில் கிரிம்பிங் (லக்கை நசுக்கிப் பிடிக்க வைப்பது), ஆண்டுக்கு ஒருமுறை இறுக்கம் பார்ப்பது, இத்தனையும் நடக்கும் என்றால் சரி. எட்டு வீட்டு அசோசியேஷனில் நடக்குமா? கடற்கரையிலிருந்து ஓரிரு கிலோமீட்டருக்குள் இருக்கும் கட்டடத்தில், வீட்டுக்கு வீடு போகும் ஒயருக்கு நாங்கள் அலுமினியம் சொல்ல மாட்டோம். சர்வீஸ் பாயிண்டிலிருந்து மீட்டர் போர்டு வரை வரும் பெரிய ஆர்மர்ட் கேபிளுக்கு (இரும்புக் கவசம் சுற்றியது) அது வேறு கணக்கு. அங்கே முனைகள் சில, லக் பெரிது, பார்த்துக்கொள்வது சுலபம்.

கீழே என்ன போடுவது

மூன்று தேர்வுகள்: கம்பி கட்டும் பழைய பீங்கான் ஃபியூஸ், எச்ஆர்சி ஃபியூஸ் (பெரிய ஷார்ட் சர்க்யூட்டையும் அணைக்கும் மூடிய ஃபியூஸ்), எம்சிபி.

பீங்கான் ஃபியூஸின் குறை அதன் சோம்பல். 30 ஆம்பியர் என்று போட்ட கம்பி உருக ஏறக்குறைய இரண்டு மடங்கு கரண்ட் வேண்டும். அதனால் ஒயரின் தகுதியை 0.725-ஆல் பெருக்கித்தான் ஃபியூஸ் அளவைத் தீர்மானிக்கலாம். 30 ஆம்பியர் பீங்கான் ஃபியூஸுக்கு 41 ஆம்பியர் தாங்கும் ஒயர் தேவை; தனிப் பைப்பில் போன 6 ஸ்கொயர்கூட அதற்குத் தகுதி இல்லை. இரண்டாவது குறை மனிதர்களுடையது. 30 ஆம்பியருக்கு ஈயம் பூசிய செம்புக் கம்பி 0.85 மி.மீ. குறுக்களவு. ராத்திரி ஃபியூஸ் போனால் கைக்குக் கிடைத்த 1.5 ஸ்கொயர் ஒயரை உரித்து இழைகளை முறுக்கிக் கட்டுகிறார்கள். அது 1.4 மி.மீ. கம்பிக்குச் சமம், 45 ஆம்பியர் கம்பியைவிடத் தடிமன். மூன்றாவது, ஷார்ட் சர்க்யூட்டை அணைக்கும் திறன். 100 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரின் வாயில் சுமார் 3,000 ஆம்பியர், 250 கேவிஏ என்றால் 7,400 வரை பாயும். பீங்கான் ஃபியூஸ் அதிகபட்சம் 4,000 வரை தாங்கும். காம்பவுண்டை ஒட்டியே 250 கேவிஏ நிற்கும் கட்டடத்தில் அது வெடிக்கலாம்.

எம்சிபி தன் அளவின் 1.45 மடங்கு கரண்டில் ஒரு மணி நேரத்துக்குள் விழும்; ஒயரின் தகுதியைப்போல் 1.45 மடங்குக்குள் காப்பு துண்டிக்க வேண்டும் என்ற விதியோடு அப்படியே பொருந்துகிறது. ஷார்ட் சர்க்யூட்டில் 10,000 ஆம்பியர் வரை அணைக்கும் வகை எளிதில் கிடைக்கும். ஆனால் கீழே 40, மேலே 32 எம்சிபி என்று போட்டால் வீட்டில் ஷார்ட் ஆகும்போது இரண்டுமே ஒரே நொடியில் விழும். பூட்டிய மீட்டர் அறைக்கு இரவில் இறங்கிவர வேண்டும். தவிர, இரும்புப் பெட்டிக்குள் எட்டை நெருக்கி வைத்தால் வெக்கையில் 40 ஆம்பியர் எம்சிபி 36-இலேயே விழத் தொடங்கும்.

எச்ஆர்சி 80,000 ஆம்பியர் வரை அமைதியாக அணைக்கும். ஷார்ட் சர்க்யூட்டில் மேலே இருக்கும் எம்சிபி விழும், கீழே ஃபியூஸ் பெரும்பாலும் தப்பிக்கும். ஆனால் ஓவர்லோடுக்கு இது 1.6 மடங்கில்தான் உருகும். 40 ஆம்பியர் எச்ஆர்சி தனியாக ஒயரைக் காக்க வேண்டுமானால் ஒயர் 44 ஆம்பியராவது தாங்க வேண்டும். தனிப் பைப்பில் 10 ஸ்கொயர் 49.6, சரி. இரண்டு வீடு சேர்ந்த பைப்பில் 39.7, சரியில்லை.

இங்கேதான் ஜோடிக் கணக்கு உதவுகிறது. ஒயரில் வழியில் எங்கும் கிளை எடுக்கவில்லை என்றால், ஓவர்லோடு காப்பு மறுமுனையில் இருக்கலாம். போகும் கரண்ட் முழுவதும் மேலே உள்ள எம்சிபி வழியாகத்தானே போகிறது! ஆக எங்கள் தேர்வு: கீழே 63 ஆம்பியர் எச்ஆர்சி ஷார்ட் சர்க்யூட்டுக்கு, மேலே 40 ஆம்பியர் இரண்டு போல் எம்சிபி (ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிப்பது) ஓவர்லோடுக்கு, நடுவில் 10 ஸ்கொயர். மூன்று ஃபேஸில் கீழே 40, மேலே 25 நாலு போல், நடுவில் 6 ஸ்கொயர். மீட்டர் அறையில் ஸ்பேர் எச்ஆர்சி லிங்க் (மாற்று ஃபியூஸ்) குறைந்தது மூன்று தொங்க வேண்டும். இல்லாவிட்டால் இங்கேயும் செம்புக் கம்பி வந்துவிடும்.

இந்த ஏற்பாட்டைக் கெடுக்கப் புதிதாக ஒன்று வந்திருக்கிறது: மின் ஸ்கூட்டர் சார்ஜர். தன் மீட்டரிலிருந்து எடுத்தால் பில் தனக்கே வரும் என்று, வண்டி நிறுத்தத்தில் மேலே போகும் ஒயரை வெட்டி ஒரு 15 ஆம்பியர் சாக்கெட் போடுகிறார்கள். மேலே 40, கீழே 15. எச்ஆர்சி 63 இரண்டையும் கண்டுகொள்ளாது. 2.5 ஸ்கொயரில் போட்ட சார்ஜர் ஒயருக்கோ 63 ஆம்பியர் ஃபியூஸ்தான் காப்பு, அதாவது காப்பே இல்லை. சார்ஜர் வேண்டுமென்றால் எச்ஆர்சிக்கு அடுத்து ஒரு சிறு பெட்டி, அதில் மேலே போவதற்கு 40 எம்சிபி, சார்ஜருக்குத் தனியாக 16 எம்சிபியும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும்.

ஆர்சிசிபி பற்றி ஒரு கணக்கு போதும். கட்டடத்தின் எர்த் குழி 5 ஓம் என்று வையுங்கள், நல்ல குழிதான். ஃபேஸ் கீசர் பாடியைத் தொட்டால் 240-ஐ 5-ஆல் வகுத்து 48 ஆம்பியர் மண்ணுக்குப் போகும். 40 ஆம்பியர் எம்சிபி அதற்கு ஒரு மணி நேரத்தில்கூட விழ வேண்டிய கட்டாயம் இல்லை. 63 எச்ஆர்சிக்கு அது தெரியவே தெரியாது. எவ்வளவு தடிமன் ஒயர் போட்டாலும் இந்த ஓட்டை அடையாது. வீட்டு டிபியில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி அடைக்கும். மேலே போகும் ஒயருக்கே கசிவுக் காப்பு வேண்டுமென்றால், குறிப்பாக ஆர்மர்ட் கேபிள் என்றால், கீழே 300 மில்லி ஆம்பியர் தாமத வகை ஒன்று சேரும். எர்த் ஒயர் 16 ஸ்கொயர் வரை ஃபேஸ் அளவிலேயே போவதுதான் எளிய விதி.

மீட்டர் போர்டின் உயரமும் காப்புதான். 2015 மழையிலும், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளத்திலும் கடலூரில் தரைத்தளத்துக்குள் நீர் புகுந்த தெருக்கள் எவை என்று அந்தந்தப் பகுதிக்காரர்களுக்குத் தெரியும். சுவரில் வெள்ளக்கோடு எங்கே நின்றதோ அதற்கு மேல்தான் எச்ஆர்சி பேஸ் வர வேண்டும். ஒருமுறை மூழ்கிய எம்சிபியும் ஆர்சிசிபியும் காய வைத்தாலும் ஆகாது, மாற்ற வேண்டியவை.

ஏற்கெனவே குடியிருக்கும் கட்டடத்தில்

மீட்டரும் அதற்கு முன் உள்ள சீல் வைத்த பகுதியும் மின்வாரியத்துடையவை, பாண்டிச்சேரிப் பக்கம் என்றால் மின்துறையுடையவை. அதில் கை வைக்க வேண்டாம். மீட்டருக்குப் பின் உள்ள ஃபியூஸை எடுத்து, இரு முனை டெஸ்டரால் ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றுக்கும் நடுவே சோதித்த பிறகே ஒயரைத் தொடலாம். நியான் டெஸ்டர் மட்டும் போதாது.

ஒயரின் மேல் அளவும் ஐஎஸ் 694 என்ற இந்தியத் தர எண்ணும் அச்சிட்டிருக்கும். அழிந்திருந்தால் இழைகளை எண்ணலாம்: 0.3 மி.மீ. இழை 36 என்றால் 2.5 ஸ்கொயர், 56 என்றால் 4, 84 என்றால் 6. 10 ஸ்கொயரில் 0.4 மி.மீ. இழை 80 இருக்கும். லக் இல்லாமல் இழைகளை நேரே திருகில் செருகியிருந்தால், சில இழைகளை வெட்டி உள்ளே நுழைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். 10 ஸ்கொயர் வாங்கி, நுழையவில்லை என்று 7 ஸ்கொயராக்கி மாட்டுவது நடக்கிற காரியம். முனையில் பின் லக் போட்டு, எம்சிபியின் பக்கவாட்டில் அச்சிட்ட அளவுக்கு, வழக்கமாக 2 நியூட்டன் மீட்டர் சுமாருக்கு, இறுக்க வேண்டும்.

வீட்டில் உள்ள எல்லாச் சாமான்களையும் பிளக்கிலிருந்து எடுத்து, 500 வோல்ட் மெக்கரில் காப்புத்தடை பார்த்தால் 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. மழைக்காலத்தில் பார்த்தால்தான் உண்மை தெரியும். லோடை மே மாதம் இரவு பத்து மணிக்குக் கிளாம்ப் மீட்டரில் அளக்க வேண்டும், மற்ற நேரத்து அளவால் பயனில்லை. அப்போதே எம்சிபி முனைகளில் வெப்பமானியைக் காட்டினால், பக்கத்து முனையைவிட 15, 20 டிகிரி கூடுதலாக எது காட்டுகிறதோ அங்கே இறுக்கம் விட்டிருக்கிறது.

எட்டு வீட்டு 4 ஸ்கொயர் ஒரே பைப்பில், மேலே 32 எம்சிபி என்று இருந்தால், ஃபியூஸைக் கூட்டுவது தீர்வல்ல. அந்த ஒயரின் உண்மையான தகுதி 14.5 ஆம்பியர். படிக்கட்டு ஓரமாகவோ பைப் ஷாஃப்டிலோ வெளியே தெரியும்படி வீட்டுக்கு ஒரு 25 மி.மீ. ஹெவி பிவிசி பைப் ஏற்றி, புது ஒயர் இழுத்து, பழையதை இரு முனையிலும் கழற்றி மூடிவிட வேண்டும். எட்டு வீடும் ஒன்றாகச் செய்ய முடியாவிட்டால் ஏசி அதிகம் உள்ள நாலு வீட்டை முதலில் பழைய பைப்பிலிருந்து வெளியே எடுங்கள். மிச்சம் நாலுக்கும் 18 ஆம்பியர் வரை தகுதி கூடும். அதுவரை அவர்களுக்கு மேலே 16 ஆம்பியர் எம்சிபி.